இயந்திரம் தந்த ஓய்வு எங்கே போயிற்று?

(திண்டிவனத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில், அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நவீன இயந்திர நாகரிகத்தால் மனித உள்ளம் இழந்தது என்ன என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இப்பொருளில் பேசுவோர் பெரும்பாலும் ஒரே வழியில் செல்வர். பழங்காலத்தில் மனிதன் அமைதியாக வாழ்ந்தான், இயந்திரம் வந்தது, அமைதி போயிற்று, ஆகவே பழைய வாழ்விற்குத் திரும்ப வேண்டும் என்று முடிப்பர். நம் கழகத்தின் மேடையில் நின்றுகொண்டு அவ்வாறு பேச என்னால் இயலாது. ஏனெனில், அவர்கள் கூறும் பழங்காலத்தில் நம் முன்னோர் எங்கே இருந்தனர், என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும், இழப்பே இல்லை என்று கூறவும் நான் வரவில்லை. இழப்பு உண்டு. அது நம் தெருக்களில், நம் வீடுகளில், நம் பிள்ளைகளின் கண்களில் நாள்தோறும் தெரிகிறது. அந்த இழப்பு எது என்பதைச் சரியாகப் பெயரிட்டுக் கூறுவதே இன்று என் நோக்கம்.

பழங்காலம் யாருக்குப் பொற்காலம்?

1970-களின் இறுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, நம் பகுதியில் கவலை இறைப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாடுகள் சரிவில் இறங்கும். சால் மேலே வரும். நீர் வாய்க்காலில் விழும். மாடுகள் பின்னுக்கு ஏறும். அதற்கு முந்திய தலைமுறையினர் ஏற்றம் மிதித்தனர். இருள் பிரியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரை மிதிக்க வேண்டும். இறைத்த சால்களின் எண்ணிக்கை தவறாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தனர். ஏற்றப்பாட்டு அழிந்துபோயிற்றே என்று வருந்தும் அறிஞர்கள் உண்டு. அப்பாடல்களைத் தொகுத்து வைத்தது நல்ல பணி. ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவன், தான் இறைத்த நீரைக் குடிக்கும் உரிமை இல்லாதவனாகப் பல ஊர்களில் இருந்தான் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். மின்சாரமும் இறைவைப் பொறியும் வந்தபோது அந்தத் தோள்கள் இளைப்பாறின.

இன்னொன்று கூறுகிறேன். ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு நேர்ந்தால், அச்செய்தியைப் பல கல் தொலைவிலுள்ள உறவினர்களுக்குச் சொல்ல ஓட வேண்டியவர் யார்? நள்ளிரவென்றும் மழையென்றும் பாராமல் நடந்து சென்று, வாசலுக்கு வெளியே நின்று செய்தி சொல்லித் திரும்ப வேண்டியவர் யார்? நம் பாட்டன்மார்களே. அந்தத் தொண்டிலிருந்து அவர்களை விடுவித்தது எந்தச் சாத்திரமும் அன்று; தொலைபேசியே. ஊரில் அறிவிப்புச் செய்யப் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததும் நம்மவர்களே. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் தண்டோரா முறையை நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த பின்னும் அது ஏன் என்பதும், வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி அறிவித்தாலே போதும் என்பதும் அக்கடிதத்தின் கருத்து. இசைக்கருவி என்ற முறையில் பறைக்கு நாம் பெருமை சேர்ப்போம். ஆனால் கட்டாயத்தின் பேரில் அடித்த பறையை ஒலிபெருக்கி மாற்றியதற்கு வருந்தமாட்டோம்.

புதுச்சேரிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே 1879-இல் இரயில் ஓடத் தொடங்கியது. பயணச்சீட்டை வாங்கியவன் எவனாயினும் ஏறலாம் என்பது, ஊர்த்தெருவில் நடக்கவே தடை இருந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நமக்கு உரிமை உண்டென்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல்தான்; அதாவது இரயில் வந்து 45 ஆண்டுகளுக்குப் பின். மனிதன் திறக்க மறுத்த கதவை இரும்பு முதலில் திறந்தது.

அண்ணல் கண்ட உண்மை

இயந்திரத்தைப் பற்றிய விவாதம் நம் நாட்டில் புதியதன்று. காந்தியடிகள் 1909-இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'இந்து சுயராச்சியம்' என்னும் நூலை எழுதினார். அதில் இரயிலையும், ஆலைகளையும், நவீன நாகரிகம் முழுவதையுமே கடுமையாகச் சாடினார். பிற்காலத்தில் அவர் தம் கருத்தைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார். 1924-இல் மாணவர் ஒருவருடன் நிகழ்த்திய உரையாடலில், தையல் இயந்திரம் போன்றவற்றை ஏற்பதாகக் கூறினார் என்பதை நேர்மையுடன் நாம் குறிப்பிட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் இதற்கு விடை கூறினார். 1945-இல் வெளிவந்த, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்னும் நூலில் காந்தியத்தை ஆராயும் பகுதி ஒன்று உண்டு. அங்கே அண்ணல் வாதிடுவதன் சாரம் இது: விலங்கு உண்ணுகிறது, உறங்குகிறது, இனம் பெருக்குகிறது. மனிதன் அதற்கு மேலும் ஒன்று செய்யவல்லவன். அவன் தன் உள்ளத்தைப் பண்படுத்தவல்லவன். அவ்வாறு பண்படுத்த அவனுக்கு ஓய்வு வேண்டும். நாள் முழுதும் உடலுழைப்பிலேயே தேய்பவனுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? இயந்திரமே அதனைத் தரும். இயந்திரத்தால் தீமைகள் விளைகின்றன என்றால், அக்குற்றம் இயந்திரத்தினுடையதன்று. அதனைச் சிலருக்கு மட்டும் உரியதாக்கிவிட்ட சமுதாய அமைப்பினுடையது.

அன்பர்களே, இந்த வாதத்தில் 'ஓய்வு' என்னும் சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். ஓய்வு என்றால் சும்மா இருத்தல் அன்று. வயிற்றுக்காக அல்லாமல் உள்ளத்திற்காகச் செலவிடும் பொழுதே ஓய்வு. படித்தல், சிந்தித்தல், பிறர் துன்பம் கேட்டல், பிள்ளையோடு பேசுதல், தன்னைத் தானே வினவிக்கொள்ளுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். கோயிலுக்குச் செல்வோர், தேவாலயத்திற்குச் செல்வோர், புத்தர் வழியில் நிற்போர், எங்கும் செல்லாதோர் ஆகிய அனைவரும் இவ்வவையில் இருக்கிறீர்கள். ஆன்மா என்னும் சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் கூறக்கூடும். நான் எல்லோருக்கும் பொதுவான பொருளில் அதனைக் கொள்கிறேன். அறிவு, ஒழுக்கம், கருணை, தன்மானம் ஆகிய இவை மனிதனுக்குள் வளரும் இடமே ஆன்மா. அவ்விடத்திற்கு வேண்டிய உரம் ஓய்வு.

சிறு ஓய்வைக் கொண்டு முன்னோர் செய்தவை

இயந்திரம் தந்த சிறிது வசதியையும் சிறிது ஓய்வையும் கொண்டு நம் முன்னோர் என்ன செய்தனர்? மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி, 1914-இல் தாம் மறையும் வரை நடத்தினார். அச்சுப்பொறி ஓர் இயந்திரந்தானே! ஓலைச்சுவடி யார் கையில் இருந்தது என்பதை நாம் அறிவோம். அச்சு வந்த பின் ஒரு பைசாவிற்கு அறிவு கிடைத்தது.

அந்த இதழை யார் படித்தனர் தெரியுமா? அதன் வாசகர்களில் ஒரு பெருங்கூட்டம் கோலார் தங்கவயலில் இருந்தது. வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள் அங்கே சுரங்கத்தில் உழைத்தனர். தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். நாட்டின் மிகப் பெரிய நகரங்கள் பலவும் காணாத இயந்திர நாகரிகம் அது. அச்சுரங்கங்களுள் ஒன்று பிற்காலத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. பாறை வெடித்து மாண்டவர்களும், தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டவர்களும் பலர். இயந்திரத்தின் கொடுமையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

ஆயினும், பாதாளத்திலிருந்து மேலே வந்து உடலைக் கழுவிக்கொண்ட பின், எஞ்சிய மாலைப்பொழுதில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். சங்கம் அமைத்தனர். பௌத்தம் பற்றி விவாதித்தனர். ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். சாம்பியன் ரீப்சில் சித்தார்த்தா புத்தகசாலை அமைந்து அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்தது. நின்றுபோன 'தமிழன்' இதழ் 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே எடுத்த தங்கம் யார் யார் கழுத்திலோ கிடக்கிறது. அவர்கள் அச்சிட்ட எழுத்தோ நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் பழைய தென்னார்க்காட்டிலும் இவ்வாறே. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். அங்கே படித்து முன்னேறிய குடும்பங்கள் பல. அண்ணலின் இளமையையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீடு. அனைவரும் புழங்கும் அவ்வறையில் படிக்க இடமேது? தந்தையார் இராம்ஜி மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, இரவு 2 மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தார். இல்லாத ஓய்வை இருட்டிலிருந்து வெட்டியெடுத்த தந்தை அவர்.

நமக்குக் கிடைத்த பொழுது என்னவாயிற்று?

இனி நம் காலத்திற்கு வருவோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் இனத்தவர் 20 விழுக்காட்டினர். அன்றைய ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்திலோ 29 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் மிகப் பலர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரு ஏக்கரை ஒரு மணி நேர அளவில் முடித்துவிடுகிறது. முன்பு ஒரு கூட்டம் பெண்கள் குனிந்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்திற்குச் சுமந்து, போரடித்துத் தூற்றிய வேலை அது. முதுகுவலி போயிற்று, அதனோடு கூலியும் போயிற்று. இயந்திரம் கொடுத்த பொழுது வந்தது. அப்பொழுதிற்குரிய சோறு வரவில்லை. சமுதாய அமைப்பின் குற்றம் என்று அண்ணல் கூறியது இதனையே. நூறு நாள் வேலையும் நியாயவிலை அரிசியும் அந்தப் பள்ளத்தை ஓரளவே நிரப்பின.

இருப்பினும், பொழுது என்னவோ கிடைத்தது. தாய்மார்கள் குடத்தோடு காத்து நின்ற நேரம் குழாயால் மிச்சமாயிற்று. விறகு பொறுக்கிய நேரம் எரிவாயுவால் மிச்சமாயிற்று. நெல் குத்திய நேரம் ஆலையால் மிச்சமாயிற்று. பள்ளிக்கு நடந்த நேரம் பேருந்தாலும் மிதிவண்டியாலும் மிச்சமாயிற்று. இவற்றையெல்லாம் கூட்டினால், நம் பாட்டிக்கு வாழ்நாள் முழுதும் கிடைக்காத ஓய்வு நமக்குச் சில ஆண்டுகளிலேயே கிடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உடல் தேய்ந்து உழைத்தவர்களின் பெயரால் வந்த பொழுது அது. அது எங்கே போயிற்று?

அதனைக் கைபேசி எடுத்துக்கொண்டது. 2016-இன் இறுதிக்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டிலும் அது நுழைந்தது. நுழைந்ததில் தவறில்லை. அதனுள் நூலகம் இருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் இருக்கிறது. நிலப் பட்டா இருக்கிறது. அண்ணலின் எழுத்துக்களும் பேச்சுக்களும் விலையின்றி இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகளின் விரல் அங்கே செல்வதில்லை. அரை நிமிடக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ரீல்ஸ் என்று அதற்குப் பெயர். நூலுக்கு இறுதிப் பக்கம் உண்டு. தெருக்கூத்திற்கு விடியல் உண்டு. கவலை மாட்டிற்கும் சரிவின் எல்லை உண்டு, அங்கே நின்று திரும்பும். இதற்கு எல்லை இல்லை. விரலை நகர்த்த நகர்த்த முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் இம்முறையை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். அது மக்களின் பொழுதை விழுங்கியதைக் கண்டு பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பர வருவாய் நிறுவனங்களுக்கு. முன்பு நம் முன்னோரின் உடலுழைப்பு பண்ணைக்குச் சென்றது. இன்று நம் பிள்ளைகளின் கவனம் எங்கோ உள்ள ஒரு கணக்கிற்குச் செல்கிறது. இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. முன்னது கட்டாயம், பின்னது நாமே மனமுவந்து கொடுப்பது.

வகுப்பறையில் நான் காண்பது இது. முதற் பாடவேளையிலேயே உறங்கும் பிள்ளைகள் கூடிவிட்டனர். முன்பும் உறங்கினர், அது பசியால், அல்லது விடியுமுன் வயலுக்குச் சென்றுவந்த களைப்பால். இன்று இரவு 1 மணி வரை கைபேசி பார்த்த களைப்பு. நுண்ணறிவு குறைந்துவிடவில்லை; நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து படித்து, அதன் பொருளைத் தன் சொல்லில் கூறு என்றால் தடுமாறுகின்றனர். ஒன்றில் மனத்தை நிறுத்தும் ஆற்றல், தசையைப் போன்றது, பயிலாவிடில் மெலியும். அது மெலிந்தவனிடம் எந்தத் தேர்வும் இரக்கம் காட்டாது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை கவனம் சிதறினால் தாங்குவதற்குச் சொத்து இருக்கிறது, தனிப்பயிற்சி இருக்கிறது, சிபாரிசு இருக்கிறது. நம் பிள்ளைக்கு அவன் கவனம் ஒன்றுதான் முதல்.

இன்னும் ஓர் இழப்பு உண்டு. நம் தெருவில் ஒரு சாவு நேர்ந்தால், முன்பு வந்தவர்கள் அனைவரும் அமர்ந்து அழுதனர்; இறந்தவரைப் பற்றிப் பேசினர். இன்று சாவு வீட்டின் பந்தலில் இளைஞர்கள் வரிசையாக அமர்ந்து தத்தம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். அழும் தாயை ஒருவர் படம் பிடிக்கிறார். நமக்குப் பணம் இல்லாதபோதும், நிலம் இல்லாதபோதும், ஒருவர் துயரில் மற்றவர் உடனிருப்பது என்னும் செல்வம் இருந்தது. அச்செல்வம் கரைகிறது. அதைவிடக் கொடியது சூதாட்டம். இணையவழி ரம்மி போன்றவற்றில் பணமிழந்து மாண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பின்னரே, தமிழ்நாட்டில் 2023-இல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பகையும் இதே வழியில் பரவுகிறது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்ட கொடுமையை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று கைபேசி இல்லை. பகையை மூட்ட வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. இன்று சாதிப் பெருமை பேசும் காட்சிகள் பள்ளிச் சிறுவனின் கைக்குள்ளேயே இரவும் பகலும் ஓடுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, அவனோடு பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. ஒரே கையில் புதிய நூற்றாண்டின் கருவியும் பழைய நூற்றாண்டின் கயிறும் இருக்கும் தலைமுறையை நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் இதனைக் கூறுகிறேன்: வெறுப்புக்கு வெறுப்பையே பதிலாகப் பதிவிடுவது நம் வழியன்று.

உள்ளம் அனுப்பும் இடத்திற்கே இயந்திரம் செல்லும்

2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். இங்குள்ள இரயில்வே பள்ளியில் படித்தவர். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதே நாட்டில், அதே ஆண்டில், மனிதர்கள் சாக்கடைக் குழிக்குள் இறங்கி நச்சுக்காற்றால் மாண்டனர். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது. விரிவான சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டுமென்று 2014-இல் கூறிய உச்சநீதிமன்றம், அதனை 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது. குழியைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இல்லையா? இருக்கிறது. கேரள இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்னும் இயந்திரம் 2018-இலேயே திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கிவிட்டது. நிலவிற்கு இயந்திரத்தை அனுப்பும் நாடு, தெருவின் குழிக்கு மனிதனை அனுப்புகிறது. அறிவுக் குறைவால் அன்று. அந்த மனிதனை மனிதனாகக் காணாத மனக்குறைவால்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது. கலந்தது யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் கூற வந்தது வேறு. தொட்டி புதியது, குழாய் புதியது, அதனைக் கெடுத்த உள்ளம் மிகப் பழையது. உள்ளம் பண்படாவிடில் இயந்திரம் பழைய நஞ்சை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வாய்க்காலாகிவிடும். ஆகவே, கைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்பது விடையாகாது. அதனை ஆளும் உள்ளத்தை வளர்ப்பதே விடை. அதற்குப் பொழுது வேண்டும். அப்பொழுதையே நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

முதலியார்குப்பம் கற்பித்த பாடம்

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. கைபேசியில் பாடங்கள் வந்தன. அவற்றை உருவாக்கிய ஆசிரியர்கள் உண்மையாக உழைத்தனர். ஆனால் தொலைக்காட்சி கேள்வி கேட்ட பிள்ளைக்கு மறுமொழி கூறவில்லை. கைபேசி ஒன்றே இருந்த வீட்டில் தந்தை வேலைக்குச் சென்றதும் பாடமும் உடன் சென்றது. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்த சிறுவர் பலர் அதனையே மறந்து பள்ளிக்குத் திரும்பினர்.

அப்போது அரசு என்ன செய்தது? 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை வகுத்தது. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் அதனைத் தொடங்கிவைத்த இடம், நம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். திட்டத்தின் உயிர் என்ன? அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில் வசிக்கும், படித்த ஒருவர், பெரும்பாலும் இளம்பெண், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் உடனிருந்து கற்பித்தார். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள் இப்பணியில் இறங்கினர். திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்புகள் நடந்தன. எல்லாக் கருவிகளையும் முயன்ற பின், மறந்த எழுத்தை மீட்கத் தேவைப்பட்டது என்ன என்பதைக் கவனியுங்கள். ஒரு மனிதர், ஒரு மாலைப்பொழுது, பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் கண்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோதும் இதனையே கண்டோம். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் இல்லை; கைபேசிகள் அணைந்தன. அந்நாள்களில் யார் வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்திருந்தது பக்கத்து வீடே.

நாம் செய்ய வேண்டியவை

பேச்சோடு நில்லாமல், வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் ஒவ்வொரு வீட்டிலும் மாலை 7 மணி முதல் 8 மணி வரை படிப்பு நேரம் என்று வகுத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும் மாடத்தில் இருக்கட்டும். பிள்ளையின் கைபேசி மட்டுமன்று, தந்தையின் கைபேசியும். படிக்கத் தெரியாத தாய் பிள்ளையின் அருகில் அமர்ந்து, இன்று என்ன படித்தாய், சொல், கேட்கிறேன் என்றால் போதும். இராம்ஜி தம் மகனுக்கு நள்ளிரவில் வெட்டியெடுத்துத் தந்த பொழுது, நமக்கு மாலையிலேயே கிடைக்கிறது.

இரண்டாவது, கழகத்தின் துணையோடு தெருவிற்கு ஒரு படிப்பகம் வேண்டும். நாளிதழும் நூறு நூல்களும் ஒரு விளக்கும் போதும். தங்கவயல் தொழிலாளர் செய்ததைப் போல் வாரம் ஒரு நாள் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும்.

மூன்றாவது, கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் கைபேசியைக் கருவியாகப் பயன்படுத்தும் முறையைத் தெருவிலுள்ள பெற்றோருக்குக் கற்பிக்க வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், தகவல் அறியும் உரிமை மனு ஆகியவற்றிற்கு இடைத்தரகர் வேண்டா என்னும் நிலை வர வேண்டும்.

நான்காவது, இயந்திரம் வர வேண்டிய இடத்திற்கு வரவில்லையெனில் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். நம் நகராட்சிகளில் எந்த மனிதனும் குழியில் இறங்கக் கூடாது என்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் கழகம் தொடர்ந்து மனுக் கொடுக்கட்டும். இயந்திரத்தை எதிர்ப்பது நம் கொள்கையன்று. அது யாருக்கு உழைக்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து உண்டு.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். உங்கள் பாட்டனாருக்குப் படிக்க விருப்பம் இல்லாமலில்லை, பொழுது இல்லை. உங்கள் பாட்டியாருக்குச் சிந்திக்க அறிவு இல்லாமலில்லை, பொழுது இல்லை. அவர்களுடைய நாள் முழுவதையும் பிறர் எடுத்துக்கொண்டனர். உங்கள் நாளில் சில மணி நேரம் உங்களுடையதாக இருக்கிறது. நம் குலத்தின் வரலாற்றில் இது புதிது. அதனை யாருக்கும் எளிதில் கொடுத்துவிடாதீர்கள்.

 வளர்க கல்விக் கழகம்!